அடம் பிடிக்கும் பிள்ளை



ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மட்டாஞ்சேரியில் ஒரு சந்து. சந்துக்குள் ஒரு சின்ன வீடு. காலை ஆறரை மணி. அம்மாவும் அப்பாவும் ஃபோர்ட் கொச்சி டோபிகானாவுக்குத் துணி துவைக்கப் போக வேண்டும். மூட்டை கட்டியாகி விட்டது. வீட்டில் இரண்டரை வயதுப் பையன் இருக்கிறான்.

அம்மா பால் ஆற்றுகிறார். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுக்கிறார்.

பையன் டம்ளரைத் தள்ளுகிறான். “நீல டம்ளரு!” என்கிறான்.

“இதுவும் அதே பால்தான்டா, குடி.”

அவ்வளவுதான். பையன் தரையில் விழுகிறான். காலை உதைக்கிறான். பால் கொட்டுகிறது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிறது.

பாட்டி சொல்கிறார்: “எல்லாம் கொழுப்பு. முதுகிலே ரெண்டு போடு. சரியாப் போயிரும்.”

அப்பா சொல்கிறார்: “அந்த டம்ளரையே குடுத்துத் தொலை. நேரமாச்சு.”

அம்மா இரண்டையும் செய்கிறார். முதுகில் ஒன்று போடுகிறார். பிறகு நீல டம்ளரையும் எடுத்துக் கொடுக்கிறார். வேலைக்குப் போகும் வழியெல்லாம் அவர் மனம் கனக்கிறது. அன்று மாலையும் இதே கூத்து நடக்கிறது.

இந்த வீடு எந்தச் சந்தில் இருக்கிறது என்று தேட வேண்டாம். எல்லாச் சந்திலும் இருக்கிறது. தமிழில் அடம் என்கிறோம். இங்கே மலையாளத்தில் வாசி என்பார்கள். கொங்கணி பேசும் வீட்டிலும் குஜராத்தி பேசும் வீட்டிலும் இந்த வயதுப் பிள்ளை இதையேதான் செய்கிறது.

பிள்ளை ஏன் இப்படிச் செய்கிறான்? அம்மாவை வதைக்க வேண்டும் என்றா? இல்லை. அவனுக்கு அந்த அளவுக்குத் திட்டம் போடத் தெரியாது.

பிறந்த குழந்தைக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. அழுவது. பசித்தால் அழும். ஈரமானால் அழும். ஆறு, எட்டு மாதம் ஆனதும் முகம் பிரித்துப் பார்க்கிறது. புது ஆளைக் கண்டால் பயப்படுகிறது. அம்மா எழுந்து போனால் அலறுகிறது. ஒன்றரை வயதில் “மாட்டேன்” என்ற சொல் வருகிறது. அந்தச் சொல் வந்து விட்டால் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை! ஆனால் அது நல்ல செய்தி. ‘அம்மா வேறு, நான் வேறு’ என்று பிள்ளைக்குத் தெரிந்து விட்டது. எனக்கு என்று ஓர் ஆசை இருக்கிறது என்று அது கண்டு கொண்டது.

ஆசை வந்து விட்டது. அதைச் சொல்லப் போதுமான பேச்சு வரவில்லை. கோபம் வந்து விட்டது. அதை அடக்கும் பலம் வரவில்லை. மூளையின் முன்பக்கம்தான் ஆத்திரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பொறு, யோசி, பிறகு செய் என்று சொல்கிறது. அந்தப் பகுதி முழுதாக முதிர்வதற்கு இருபது வயதும் தாண்ட வேண்டும். இரண்டரை வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பது, நேற்று நட்ட தென்னங்கன்றில் இளநீர் கேட்பது போல.

அமெரிக்காவில் மினசோட்டா என்று ஒரு மாநிலம். அங்கே ஃபுளோரன்ஸ் குட்இனஃப் என்ற பெண்மணி பிள்ளைகளின் மனத்தைப் பற்றி ஆராய்ந்து வந்தார். பிள்ளைகளுக்குக் கோபம் எப்போது வருகிறது, ஏன் வருகிறது என்று அவர் அறிய விரும்பினார். பிள்ளைகளை ஓர் அறைக்குள் கூட்டி வந்து கோபப்படுத்திப் பார்க்கலாமா? அது சரியாக வராது. அதனால் தாய்மார்களிடம் போனார். வீட்டில் பிள்ளை கோபப்படும் ஒவ்வொரு தடவையும் எழுதி வையுங்கள் என்று கேட்டுக் கொண்டார். எத்தனை மணிக்கு? எதற்காக? எவ்வளவு நேரம்? நீங்கள் என்ன செய்தீர்கள்? இவ்வளவுதான் கேள்வி.

45 பிள்ளைகள். 1,878 கோபங்கள். எல்லாம் வீட்டில் எழுதிய குறிப்புகள். 1931-ல் அவற்றை வைத்து அவர் ஒரு புத்தகம் எழுதினார். இன்றைக்கும் படித்தவர்கள் அதை எடுத்துப் பார்க்கிறார்கள்.

அந்தக் குறிப்புகளில் என்ன இருந்தது? இரண்டாவது வயதில்தான் கோபம் உச்சத்துக்குப் போகிறது. பிறகு தானாகக் குறைகிறது. பெரும்பாலான கோபம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்து விடுகிறது. பார்க்கும் அம்மாவுக்குத்தான் அது ஒரு மணி நேரம் போல் இருக்கிறது. இன்னொன்று, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் கோபம் அதிகம். சளி, மலச்சிக்கல், சரியாகத் தூங்காத இரவு, இவை இருந்த நாளில் இன்னும் அதிகம். சின்னப் பிள்ளைகளுக்குக் குளிப்பது, முகம் கழுவுவது, படுப்பது போன்ற வேளைகளில் சண்டை வருகிறது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தோழர்களோடு சண்டை.

இப்போது நீல டம்ளருக்குத் திரும்புங்கள். காலை ஆறரை மணி. முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை. வயிறு காலி. தூக்கம் முழுதாகக் கலையவில்லை. மூட்டை கட்டியிருப்பதைப் பார்த்து விட்டான். அம்மா போகப் போகிறார் என்று தெரியும். இத்தனையும் சேர்ந்து அந்த டம்ளரில் வந்து நிற்கிறது.

டம்ளர் என்ன, எந்த டம்ளராக இருந்தால் என்ன என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பிள்ளைக்கு அப்படி இல்லை. மரியா மாண்டிசோரி அம்மையாரின் பெயரைப் பலகையில் பார்த்திருப்பீர்கள். இத்தாலி நாட்டு டாக்டர். 1907-ல் ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு ஒரு வீடு திறந்தார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். அவர் ஒரு குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆறு மாதக் குழந்தை. விருந்தாளி ஒருத்தி வந்து தன் குடையை மேஜை மேல் வைத்தாள். குழந்தை அழத் தொடங்கியது. குடை வேண்டும் போலிருக்கிறது என்று கையில் கொடுத்தார்கள். தள்ளி விட்டு இன்னும் அழுதது. அம்மாவுக்குத்தான் புரிந்தது. குடையை எடுத்து வெளியே வைத்தாள். அழுகை நின்றது. மேஜை குடை வைக்கும் இடம் இல்லை என்பது அந்தக் குழந்தையின் கணக்கு.

சின்னப் பிள்ளைக்கு உலகம் பெரியது, பயமானது. நேற்று இருந்த பொருள் இன்றும் அதே இடத்தில் இருந்தால் அதற்குத் தைரியம். பால் நீல டம்ளரில் வர வேண்டும். செருப்பு வாசலில் இருக்க வேண்டும். அம்மா விளக்கு வைக்கும் நேரத்தில் வர வேண்டும்.

சரி, தரையில் உருண்டு கொண்டிருக்கும் பிள்ளையை என்ன செய்வது?

2003-ல் வேறு சில ஆராய்ச்சியாளர்கள் 335 பிள்ளைகளின் பெற்றோர்களிடம் கேட்டு எழுதினார்கள். அடத்துக்குள் இரண்டு இருக்கின்றன என்று கண்டார்கள். ஒன்று கோபம். இன்னொன்று துக்கம். கோபம் சீக்கிரம் ஏறுகிறது. கத்துவது, உதைப்பது, பொருளை எறிவது எல்லாம் அப்போதுதான். அது சீக்கிரம் இறங்கியும் விடுகிறது. அழுகையும் துக்கமும் மிஞ்சி நிற்கின்றன. அப்போது பிள்ளை கையை நீட்டுகிறது. மடியைத் தேடுகிறது.

இதைத் தெரிந்து கொண்டால் வேலை பாதி குறையும். கோபம் ஏறும்போது உபதேசம் செய்யாதீர்கள். காதில் ஏறாது. “ஏன்டா இப்படிப் பண்றே?” என்று கேட்காதீர்கள். அவனுக்கே தெரியாது. பக்கத்தில் இருங்கள். சூடான இஸ்திரிப் பெட்டி, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். அடிக்க வந்தால் கையைப் பிடித்துக் கொள்ளுங்கள். “அடிக்கக் கூடாது. வலிக்கும்.” இரண்டே சொல், தாழ்ந்த குரலில். பிறகு காத்திருங்கள். உதைப்பது நின்று விசும்பல் வரும். அப்போது தூக்குங்கள். “நீல டம்ளர் வேணும்னு கோபம் வந்துதா?” என்று கேளுங்கள். கோபத்துக்குக் கோபம் என்று பெயர் இருக்கிறது என்பதைப் பிள்ளை அப்படித்தான் கற்றுக் கொள்கிறது. பெயர் தெரிந்து விட்டால் நாளைக்கு உதைக்காமல் வாயால் சொல்லும்.

தூக்கினால் செல்லம் கொடுத்தது ஆகாதா என்று பாட்டிமார்கள் கேட்பார்கள். ஆகாது. அழுகிற பிள்ளையை அணைப்பது ஒன்று. கேட்டதை எல்லாம் கொடுப்பது வேறொன்று. கடைத்தெருவில் பிள்ளை மிட்டாய்க்கு உருளுகிறது. முதலில் இல்லை என்றீர்கள். நாலு பேர் பார்க்கிறார்களே என்று வாங்கிக் கொடுத்தீர்கள். இல்லை என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை, கொஞ்ச நேரம் உருண்டால் கிடைக்கும் என்பதுதான் அன்றைய பாடம். கொடுக்கக் கூடியதானால் கேட்ட உடனே கொடுங்கள். நீல டம்ளரைக் கொடுப்பதில் என்ன குறைந்து விடும்? ஊற்றும் முன்பே “நீலமா, வெள்ளையா?” என்று கேட்டால் இன்னும் நல்லது. கொடுக்கக் கூடாதது என்றால் கடைசி வரை கொடுக்காதீர்கள். இன்று அடி, நாளை மிட்டாய் என்று மாறி மாறி நடப்பதுதான் பிள்ளையைக் குழப்புகிறது.

அடியைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். அடித்தால் பிள்ளை அடங்குகிறது. அது உண்மை. பயந்து அடங்குகிறது. அடக்கக் கற்றுக் கொண்டு அடங்கவில்லை. அடுத்த நாள் அதே பிள்ளை தங்கச்சியை அடிக்கிறது. அடிக்கக் கூடாது என்று சொல்லி அதற்கும் ஓர் அடி கொடுக்கிறோம்! பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்றுதான் பிள்ளை புரிந்து கொள்ளும். “போலீஸ்காரன் பிடிச்சிட்டுப் போவான்”, “பூச்சாண்டி வர்றான்”, “அம்மா உன்னை விட்டுட்டுப் போயிருவேன்” என்ற மிரட்டலும் அடிதான். அதிலும் கடைசி மிரட்டல் மிகக் கொடியது. பிள்ளைக்கு இருக்கும் பெரிய பயமே அதுதான்.

இதுவரை அடித்தவர்கள் மனம் நோக வேண்டாம். களைப்பில், கடன் கவலையில், கை ஓங்கி விடுகிறது. பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, “அம்மா அடிச்சது தப்பு. அம்மாவுக்கும் கோபம் வந்திருச்சு” என்று சொல்லுங்கள். பெரியவர் மதிப்பு அதனால் குறையாது. அப்பாக்கள் இதை நன்றாகக் கேட்டுக் கொள்ள வேண்டும். பிள்ளை வளர்ப்புக் கூட்டம் என்றால் அப்பாக்கள் பின்வரிசையிலேயே நின்று விட்டுப் போய் விடுகிறார்கள்.

சில நேரம் அடத்துக்குக் காரணம் பிரிவு. இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஒரு வாரம் கழித்து, கையில் ஒரு பாப்பாவோடு வருகிறார். ஓடி வந்து கட்டிக் கொள்ள வேண்டிய பெரிய பிள்ளை முகத்தைத் திருப்பிக் கொள்கிறது. இரவில் படுக்கையை நனைக்கிறது. பாப்பாவைக் கிள்ளுகிறது. பொறாமை, கெட்ட புத்தி என்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-ல் ஒரு படம் எடுத்தார். லாரா என்ற சிறுமி. வயது இரண்டரை கூட நிரம்பவில்லை. தொப்புள் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை. எட்டு நாள் ஆஸ்பத்திரி. அந்தக் காலத்தில் அங்கே தாய் கூடத் தங்க விட மாட்டார்கள். கொஞ்ச நேரம் வந்து பார்த்துப் போகலாம். லாரா அடக்கமான பிள்ளை. அதிகம் அழவில்லை. தன் கரடிப் பொம்மையைப் பிடித்துக் கொண்டு, அம்மாவை அடிக்கடி கேட்டாள். அம்மா வந்தபோது முகம் கொடுக்கவில்லை. நல்ல பிள்ளை, அழாமல் இருக்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். படத்தைப் பார்த்தவர்களுக்கு அவள் மனம் படும் பாடு தெரிந்தது. டாக்டர்கள் பலர் முதலில் கோபப்பட்டார்கள். ஆனாலும் 1959-ல் அந்த நாட்டு அரசு அமைத்த குழு, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பிள்ளையைப் பார்க்க விட வேண்டும் என்று சொன்னது.

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் குழந்தையோடு தாய் படுத்துக் கொள்வது வழக்கம். அது எவ்வளவு நல்ல வழக்கம் என்று பெரிய நாட்டுக்காரர்கள் படம் எடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது! ஆனால் அம்மா பிரசவத்துக்குப் போகும்போது மூத்த பிள்ளை நிலைமை லாராவின் நிலைமைதான். அதனால் தூங்கும்போது நழுவிப் போகாதீர்கள். சொல்லி விட்டுப் போங்கள். அழட்டும், பரவாயில்லை. அம்மாவின் பழைய சேலை ஒன்றைப் பிள்ளையிடம் விட்டுப் போங்கள். தெரிந்த பாட்டியோ சித்தியோ அதே வீட்டில் பார்த்துக் கொள்ளட்டும். திரும்பி வந்ததும் பாப்பாவை வேறு யாரிடமாவது கொடுத்து விட்டு முதலில் மூத்த பிள்ளையைத் தூக்குங்கள்.

கொச்சியில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. வீட்டில் தமிழ். அங்கன்வாடியில் மலையாளம். வீட்டில் தண்ணி, அங்கே வெள்ளம். வீட்டில் பசிக்குது, அங்கே விசக்குன்னு. பிள்ளை “வலிக்குது” என்று அழுகிறது. மலையாளத்தில் வலிக்குக என்றால் இழுப்பது. வலிக்கு வேதனை என்றுதான் சொல்ல வேண்டும். டீச்சருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பிள்ளை சொன்னது புரியாமல் போகலாம். சொல்லிப் பயனில்லை என்று கண்ட பிள்ளை கடிக்கிறது, தள்ளுகிறது. உடனே ‘முரட்டுப் பிள்ளை’ என்று பெயர் வந்து விடுகிறது.

அதற்காக வீட்டில் தமிழை விட வேண்டாம். பிள்ளைகள் இரண்டு மொழியையும் கற்றுக் கொள்வார்கள். அங்கன்வாடியில் சேர்க்கும் முன்பே ஆறேழு சொற்களைச் சொல்லிக் கொடுங்கள். வெள்ளம், விசப்பு, வேதனை, மூத்திரம், அம்மா வேணம். டீச்சரிடமும் பிள்ளை வீட்டில் பேசும் சொற்களைச் சொல்லி வையுங்கள். முதல் சில நாள் பத்து நிமிடம் கூட இருந்து விட்டுப் போங்கள்.

எல்லாவற்றையும் வயதுக் கோளாறு என்று விடவும் கூடாது. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்காமல் இருக்கலாம். அதைப் பிடிவாதம் என்று அடித்து வளர்த்தவர்கள் உண்டு. இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையா? முகம் பார்ப்பதில்லையா? வந்த பேச்சு நின்று விட்டதா? தலையைச் சுவரில் மோதிக் காயப்படுத்திக் கொள்கிறதா? டாக்டரிடம் காட்டுங்கள். அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார். பிள்ளைகளின் வளர்ச்சியைக் கவனிப்பதற்கென்றே திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் 1987-ல் ஒரு மையம் தொடங்கினார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் உதவி செய்வது எளிது.

சில பிள்ளைகள் அழுது அழுது மூச்சைப் பிடித்துக் கொள்ளும். உதடு நீலமாகும். சில நொடி மயங்கியும் போகும். பார்க்கிறவருக்கு உயிரே போய் விடும். இது பெரும்பாலும் தானாகச் சரியாகி விடும். ஒரு பக்கமாகப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். பிடித்துக் குலுக்காதீர்கள். முதல் தடவை வந்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். இரும்புச் சத்துக் குறைவு இருக்கும் பிள்ளைகளுக்கு இது அதிகம் வருகிறது. ரத்தம் பரிசோதித்து மருந்து கொடுத்தால் குறையும். இரவில் அடிக்கடி எழுந்து அழும் பிள்ளைக்குக் கீரிப்பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆசனவாயில் அரிப்பு இருந்தால் பிள்ளை எப்படித் தூங்கும்? தூங்காத பிள்ளை பகலில் எப்படிச் சிரிக்கும்?

இனி அந்தச் சந்து வீட்டுக்குப் போகலாம். அந்த அம்மா எழுதக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக 1990 பிப்ரவரி 4-ல் அறிவித்தார்கள். அப்போது அவருடைய அம்மாவுக்கு எழுத வாய்ப்புக் கிடைக்கவில்லை. இவருக்கும் தாமதமாகத்தான் கிடைத்தது. சலவைக் கணக்கு எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறார். இத்தனை வேட்டி, இத்தனை பெட்ஷீட். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறார். மினசோட்டா தாய்மார்கள் எழுதியது போல அவரும் எழுதுகிறார். எழுத்துப் பிழை இருக்கிறது. இருக்கட்டும்.

திங்கள். காலை ஆறரை. டம்ளர். அடித்தேன்.

திங்கள். மாலை ஆறு. சட்டை மாத்த மாட்டேன் என்றான். பத்து நிமிடம்.

செவ்வாய். காலை ஆறரை. செருப்பு.

புதன். காலை ஆறரை. ஒன்றும் இல்லாததுக்கு.

நான்காம் நாள் அவர் எழுதியதை மேலிருந்து கீழே படித்துப் பார்க்கிறார். ஆறரை, ஆறரை, ஆறரை. வியாழக்கிழமை பையன் கண் விழித்ததும், முகம் கழுவும் முன்பே, ஒரு வாழைப்பழம் கொடுக்கிறார். மூட்டை கட்டும் வேலையை அப்பா வாசலுக்குக் கொண்டு போகிறார். பிறகு அம்மா இரண்டு டம்ளரையும் பையன் முன்னால் வைக்கிறார்.

வியாழன். காலை. அழவில்லை. எவர்சில்வர் கேட்டான்.